ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்குப் பயிற்சி: வெளியே உட்கார்ந்திருப்பவர்களை உள்ளே கூப்பிடுங்கள்

சிறு குழந்தைகளுக்கு ஆட்டிசம் தெரபி நடக்கும் பல இடங்களில் பார்க்கிற காட்சிதான். குழந்தை உள்ளே போகும், அம்மாவோ அப்பாவோ வெளியே நாற்காலியில் காத்திருப்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். "இன்னைக்கு நல்லா பண்ணினான், வீட்டுலயும் பிராக்டிஸ் கொடுங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிடுவார்கள். எதைக் கொடுப்பது, எந்த நேரத்தில், குழந்தை பாதியில் எழுந்து ஓடினால் என்ன செய்வது, ஒன்றும் தெரியாமல் அந்த அம்மா வீட்டுக்குப் போவார். வாரத்துக்கு இரண்டு முறை தெரபி என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதே வாரத்தில் குழந்தை விழித்திருக்கும் நேரம் 80 மணிக்கு மேல். அந்த நேரமெல்லாம் கூடவே இருப்பவர்களை விட்டுவிட்டுக் குழந்தைக்கு மட்டும் கற்றுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சிறப்பாசிரியர்கள், ஸ்பீச் தெரபிஸ்ட்கள், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள், பெற்றோர் குழு நடத்துகிறவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். பெற்றோரும் படியுங்கள். என்ன கிடைக்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்டு வாங்க முடியும்.

சொல்லிவிட்டால் போதாது

பெற்றோர் பயிற்சி என்றதும் பலர் செய்வது ஒரு வகுப்பு. ஆட்டிசம் என்றால் என்ன, அறிகுறிகள் என்ன, என்னென்ன தெரபி உண்டு என்று இரண்டு மணி நேரம் திரையில் படம் போட்டுப் பேசிவிட்டுக் கையில் நாலு தாளைக் கொடுத்து அனுப்புவது. அது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பாதி வேலைதான்.

2015-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆட்டிசமும் அதோடு அடிக்கடி கத்தல், அடித்தல், அடம் போன்ற சிரமங்களும் உள்ள 180 குழந்தைகள், வயது 3 முதல் 7 வரை. ஒரு பாதிக் குடும்பங்களுக்கு 24 வாரம் ஆட்டிசம் பற்றிய தகவல்கள் மட்டும். இன்னொரு பாதிக்கு அதே 24 வாரம், குழந்தையின் நடத்தையை எப்படிக் கையாள்வது என்று செய்துபார்க்கிற பயிற்சி. குழந்தையின் எரிச்சல், ஆத்திரத்துக்குப் பெற்றோர் போட்ட மதிப்பெண் முதல் குழுவில் 31.8 சதவீதம் இறங்கியது, இரண்டாவது குழுவில் 47.7 சதவீதம். தகவலுக்கும் பலன் உண்டு என்பது இதில் தெரிகிறது, செய்துபார்த்துப் பழகினால் பலன் கூடுகிறது என்பதும் தெரிகிறது.

பிரிட்டனில் 152 சிறு குழந்தைகளை வைத்து நடந்த இன்னொரு ஆய்வு 2010-இல் வந்தது. அதில் தெரபிஸ்ட் குழந்தையோடு வேலை செய்யவில்லை. அம்மா அப்பா குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களோடு உட்கார்ந்து பார்த்துப் பேசினார்கள், அவ்வளவுதான். பயிற்சி முடிந்து சுமார் ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைத் திரும்பப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஆட்டிச அறிகுறிகளின் தீவிரம் குறைவாக இருந்தது. இதே முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். குழந்தைகள் தாமாகவே பெற்றோரிடம் தொடர்புகொள்வது அங்கேயும் கூடியது. உலக சுகாதார நிறுவனமும் வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு பயிற்சித் திட்டம் வைத்திருக்கிறது. ஒன்பது குழு வகுப்புகள், மூன்று முறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, நடத்துகிறவர் நிபுணராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே 'எங்க ஊர்ல அதுக்கெல்லாம் ஆள் இல்லையே' என்று யாரும் கைவிட வேண்டாம்.

முதல் சந்திப்பில் கேளுங்கள், கொட்டாதீர்கள்

டயக்னோசிஸ் ஆன புதிதில் வருகிற பெற்றோரின் காதில் எதுவும் ஏறாது. அவர்கள் மனதில் ஓடுவது ஒரே கேள்வி, 'நான் என்ன தப்பு செய்தேன்?' அதற்குப் பதில் சொல்லாமல் மற்ற எதைச் சொன்னாலும் வீண். எனவே முதல் நாளே, அவர்கள் கேட்காவிட்டாலும், தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: நீங்கள் வளர்த்த விதத்தால் இது வரவில்லை. ஆட்டிசம் மூளை வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு, மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பாசமில்லாத தாயால்தான் இது வருகிறது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொல்லி ஒரு தலைமுறை அம்மாக்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா, அதை ஆதாரத்தோடு மறுத்து எழுதிய பிறகுதான் அந்தப் பழி மெல்ல விலக ஆரம்பித்தது. இன்றைக்கும் உறவினர் வாயில் அதே பழி வேறு உருவத்தில் வருகிறது: நீ வேலைக்குப் போனதால், நீ போனைக் கொடுத்ததால். போன் பார்த்து ஆட்டிசம் வருவதில்லை. திரை நேரத்தைக் குறைத்தால் குழந்தையோடு விளையாட நேரம் கிடைக்கும், அதற்காகக் குறைக்கலாம். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயமும் அப்படித்தான். 1998-இல் அந்தப் பயத்தைக் கிளப்பிய கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தயங்கும் பெற்றோரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் முதல் நாளில் நீங்கள் பேச வேண்டியது ரொம்பக் குறைவு. கேட்க வேண்டியதுதான் நிறைய. "காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி தூங்கற வரைக்கும் ஒரு நாள் எப்படிப் போகும், சொல்லுங்க" என்று ஆரம்பியுங்கள். எந்த இடத்தில் அவர்கள் குரல் மாறுகிறதோ அங்கேதான் பிரச்சினை இருக்கிறது. பல் தேய்ப்பதில் இருக்கலாம், வெளியே கிளம்புவதில் இருக்கலாம். அப்புறம், குழந்தைக்கு எதெல்லாம் பிடிக்கும் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், எல்லோரும் எது வரவில்லை என்றுதான் கேட்டிருப்பார்கள். தண்ணீரா, சுற்றுகிற சக்கரமா, ஊஞ்சலா, ஒரு பாட்டின் முதல் வரியா? அந்தப் பட்டியல்தான் அடுத்த ஆறு மாதத்துக்கு உங்கள் பாடப்புத்தகம். காது கேட்கும் சோதனை முடிந்துவிட்டதா என்றும் மறக்காமல் கேளுங்கள். பேச்சு தாமதமான குழந்தைக்கு அது கட்டாயம்.

'எப்ப பேசுவான்?' என்று கேட்பார்கள். தேதி சொல்லாதீர்கள். சில குழந்தைகள் நன்றாகப் பேசுவார்கள், சிலர் கொஞ்சம் பேசுவார்கள், சிலருக்குப் படமோ கருவியோதான் பேச்சாக இருக்கும், ஆனால் எல்லாக் குழந்தைகளும் தொடர்புகொள்ளக் கற்றுக்கொள்ள முடியும், அதை இன்றிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள். பொய் நம்பிக்கையும் வேண்டாம், கையை விரிக்கவும் வேண்டாம்.

ஒரு நாளில் ஒரே ஒரு நேரம்

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆர்வத்தில் பத்து வேலை கொடுத்துவிடுகிறோம், தினம் ஒரு மணி நேரம் மேஜையில் உட்கார வைத்துச் செய்யச் சொல்கிறோம். வேலைக்குப் போய் வந்து இன்னொரு பிள்ளையையும் பார்த்துக்கொள்கிற அம்மாவால் இரண்டு நாள் செய்ய முடியும், மூன்றாம் நாள் விட்டுப்போகும், நான்காம் நாள் குற்ற உணர்ச்சி வரும், அடுத்த வாரம் உங்களைப் பார்க்கவே சங்கடப்பட்டு வராமல் இருந்துவிடுவார். அதன் பிறகு நாம் அவருக்கு ஈடுபாடு இல்லை என்று ஃபைலில் எழுதுவோம். அநியாயம்.

அதனால் புதிதாக நேரம் ஒதுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே தினம் நடக்கிற ஒரு வேலையை எடுங்கள்: குளியல், உடை மாற்றுவது, சாப்பாடு, விளையாட்டு, தூங்கப் போவது. ஐந்து பத்து நிமிடத்தில் முடிகிறதாக, குழந்தைக்கு ஓரளவு பிடித்ததாக, பெற்றோருக்கு அவசரம் இல்லாததாக இருக்கட்டும். காலையில் கிளம்புகிற பரபரப்பு சரிப்படாது. வீட்டிலேயே மிகக் கடினமான நேரத்தையும் முதலில் தொடாதீர்கள். முதல் வாரத்தில் ஏதாவது ஒன்று நடந்தது என்று பெற்றோர் கண்ணால் பார்க்க வேண்டும், அப்போதுதான் அடுத்த வாரம் வருவார்கள்.

குறிக்கோளும் அப்படித்தான், சின்னதாக, பார்த்தால் தெரிகிற மாதிரி. 'தொடர்பாற்றலை மேம்படுத்துதல்' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'குளிக்கும்போது இன்னும் தண்ணீர் வேண்டும் என்றால் கையை நீட்டியோ, மக்கைக் கொடுத்தோ, சத்தம் கொடுத்தோ கேட்கிறாள்' என்று எழுதினால் அம்மாவுக்கும் புரியும், பாட்டிக்கும் புரியும். எது குறிக்கோள் என்பதைப் பெற்றோர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. ஒரு விஷயத்தில் மட்டும் நான் குறுக்கே பேசுவேன். கையை ஆட்டுவதை நிறுத்த வேண்டும், கண்ணைப் பார்த்தே பேச வேண்டும், மற்ற குழந்தைகள் மாதிரி தெரிய வேண்டும், இப்படிக் கேட்டு வந்தால், அது யாருக்காக என்று அமைதியாகக் கேளுங்கள். கையை ஆட்டுவது பல குழந்தைகளுக்குத் தன்னை நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. கண்ணைப் பார்ப்பது சிலருக்கு உண்மையிலேயே அவஸ்தை, வளர்ந்த ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் அதைச் சொல்லியும் எழுதியும் இருக்கிறார்கள். முகத்தைப் பிடித்துத் திருப்புகிற பழக்கம் இருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

சொல்வது, காட்டுவது, செய்ய விடுவது, எப்படி இருந்தது என்று சொல்வது

பெரியவர்களுக்கு எந்தத் திறனைக் கற்றுக்கொடுத்தாலும் இந்த நான்கும்தான் வரிசை. சொல்வது ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. காட்டுவது இன்னும் குறைவாகவே போதும். நீங்கள் கெட்டிக்காரத்தனமாக விளையாடிக் காட்டினால், 'உங்ககிட்ட கேக்கறான், எங்ககிட்ட கேக்க மாட்டான்' என்ற எண்ணம்தான் அவர்களுக்கு மிஞ்சும். நேரத்தில் பெரும்பகுதி பெற்றோர் கையில் இருக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில்.

எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியைப் பார்ப்போம். மூன்று வயதுப் பையன் தரையில் கன்னத்தை ஒட்டிவைத்துப் படுத்துக்கொண்டு, சின்னக் கார்களை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்குகிறான். நடுவில் ஒரு காரை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து குனிந்து, "இது என்ன கலர்? எத்தனை கார் இருக்கு? அப்பாவப் பாரு. இது என்ன, சொல்லு?" பையன் முதுகைத் திருப்பிக்கொள்கிறான்.

"சார், ரெண்டு நிமிஷம் கேள்வியே வேண்டாம். நீங்களும் கீழ வந்து, அவன் செய்யறதையே செய்ங்க."

அப்பா தரையில் படுக்கிறார். ஒரு காரை எடுத்துப் பையனின் வரிசைக் கடைசியில் வைக்கிறார். பையன் அவர் கையைத் தள்ளிவிட்டு அந்தக் காரைத் தூக்கி ஓரமாக வைக்கிறான். அப்பா நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். "பரவாயில்ல, உங்களுக்குன்னு தனியா ஒரு வரிசை வைங்க." ஒரு சாண் தள்ளி அவர் தன் வரிசையை ஆரம்பிக்கிறார். தன் காரின் சக்கரத்தைச் சுற்றி, "சுத்துது" என்கிறார், அவ்வளவுதான். பையன் கையில் இருந்த சக்கரம் நிற்கிறது. அப்பாவின் காரைப் பார்க்கிறான். அப்பா வாயைத் திறக்கப் போகிறார், கேள்வி வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும், தோளில் லேசாகத் தொட்டு "இருங்க" என்கிறீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுகிற அளவுக்கு யாரும் பேசவில்லை. பையன் தன் வரிசையிலிருந்து ஒரு காரை எடுத்து அப்பா பக்கம் தள்ளுகிறான்.

இப்போது நீங்கள் சொல்வதுதான் பயிற்சியின் உயிர். "சூப்பர் சார்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "நீங்க பேசாம காத்திருந்தீங்க, அதனால அவன் தானா கொடுத்தான், கவனிச்சீங்களா?" என்று சொன்னால், எதைச் செய்ததால் எது நடந்தது என்று அவருக்குப் பிடிபட்டுவிடும். சாயங்காலம் வீட்டில் நீங்கள் இல்லாமலே அதைத் திரும்பச் செய்வார். திருத்த வேண்டியது ஏழு இருந்தாலும் அன்றைக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள், மற்ற ஆறும் அடுத்தடுத்த வாரங்களுக்கு இருக்கட்டும்.

வீடியோ இதற்கு மிகவும் கைகொடுக்கும். பெற்றோரின் போனிலேயே ஐந்து நிமிடம் எடுங்கள், அந்தப் போனை விட்டு அது வெளியே போகாது என்று முதலிலேயே உறுதி சொல்லுங்கள். பார்க்கும்போது நன்றாக நடந்த பத்து நொடியைத் தேடி நிறுத்தி, "இங்க என்ன நடந்தது?" என்று அவர்களையே கேளுங்கள். தன் குழந்தை தன்னை ஓரக்கண்ணால் பார்த்ததை அந்த நேரத்தில் கவனிக்காத அம்மா, வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு அந்த நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். நீங்கள் அரை மணி நேரம் பேசினாலும் அது வராது.

என்னென்ன பழக்க வேண்டும்

சிறு குழந்தைகளுக்கான பெரும்பாலான முறைகளில், பெயர் எதுவாக இருந்தாலும், அடிப்படை ஒன்றுபோலத்தான் இருக்கும். குழந்தையின் முகத்துக்கு நேர் மட்டத்தில் இறங்கி உட்காருங்கள். அது எதைப் பார்க்கிறதோ அதில் போய்ச் சேருங்கள், அதை விட்டுவிட்டு உங்கள் பொருளைக் காட்டி இழுக்காதீர்கள். செய்வதைத் திரும்பச் செய்யுங்கள். பேச்சைக் குறையுங்கள். குழந்தை இன்னும் ஒரு சொல்கூடப் பேசவில்லை என்றால் நீங்கள் ஒன்றிரண்டு சொல்லில் பேசினால் போதும், அது ஒரு சொல் சொன்னால் நீங்கள் அதோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்லுங்கள். 'பந்து' என்றால் 'பந்து உருளுது'. கேள்வி கேட்பதற்குப் பதில் நடப்பதைச் சொல்லுங்கள்.

காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். பெற்றோருக்கு மௌனம் தாங்காது. குழந்தைக்கோ கேட்டதை வாங்கி, யோசித்து, உடம்பைத் திருப்பிப் பதில் சொல்ல நேரம் வேண்டும். ஐந்திலிருந்து பத்து நொடி. சும்மா காத்திருக்காமல், ஏதோ நடக்கப்போகிறது என்ற முகத்தோடு காத்திருக்கச் சொல்லுங்கள். சோப்புக் குமிழை இரண்டு முறை ஊதிவிட்டு, மூன்றாம் முறை வாய்க்கு அருகில் வைத்து நிறுத்தி, பார்ப்பது. குழந்தை ஒரு சின்ன அசைவு காட்டினாலும், கையோ கண்ணோ சத்தமோ, அதைக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு உடனே ஊதிவிட வேண்டும். வாயைத் திறந்து சொன்னால்தான் தருவேன் என்று பொருளைப் பிடித்துவைத்து அழவிடுவது பயிற்சி அல்ல, அதைச் செய்யச் சொல்லி யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் மறக்கச் சொல்லுங்கள்.

படம் காட்டிக் கேட்க வைத்தால், சைகை பழக்கினால், பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்படுவார்கள். வராமல் போகாது. படமும் கருவியும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை, சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவும் செய்கிறது. சொன்னதையே திரும்பச் சொல்கிற குழந்தையை அதட்ட வேண்டாம். 'தண்ணி வேணுமா?' என்று அது உங்களிடம் வந்து சொன்னால் அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று பொருள். 'தண்ணி வேணும்' என்று குழந்தையின் இடத்தில் இருந்து நீங்கள் சொல்லிக்காட்டிவிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

மொழி விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். வீட்டில் தமிழ் பேசாதீர்கள், ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி என்றால் குழந்தை குழம்பிவிடும் என்று இன்றும் அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதனால் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சவும் பாடவும் எந்த மொழி தானாக வருகிறதோ அதில்தான் குழந்தையோடு பேச வேண்டும். இல்லையென்றால் தாத்தா பாட்டியும் குழந்தையும் ஒரே வீட்டில் பேச்சில்லாமல் இருப்பார்கள்.

அழுகை, அடம், அடித்தல்

'எதுக்குன்னே தெரியாம கத்தறா' என்று சொல்வார்கள். காரணம் இல்லாமல் இருக்காது, ஆனால் யூகிக்கக் கூடாது, எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம், மூன்று விஷயம் மட்டும்: அதற்கு முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின்னால் என்ன கிடைத்தது. பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும். யாராவது கவனிக்க வேண்டும், ஒரு பொருள் வேண்டும், ஒரு வேலையிலிருந்து தப்பிக்க வேண்டும், அல்லது உடம்புக்கு அந்த உணர்வு தேவைப்படுகிறது.

அம்மா போனில் பேச ஆரம்பித்ததும் ஒரு பெண் குழந்தை கையில் கிடைத்ததை எறிகிறாள், அம்மா போனை வைத்துவிட்டு ஓடி வருகிறார் என்று வையுங்கள். எறிந்தால் அம்மா வருவார் என்று அவள் கற்றுக்கொண்டுவிட்டாள், சரியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதே பலனைத் தருகிற வேறு வழியை அவளுக்குக் காட்டுவதுதான் நம் வேலை. அம்மாவின் கையை இரண்டு முறை தட்டுவது என்று வைத்துக்கொள்வோம். போன் வராத நேரத்தில், விளையாட்டாக, அப்பா அவள் கையைப் பிடித்துத் தட்ட வைக்க, அம்மா உடனே திரும்பி அவளைத் தூக்கிக்கொள்ள, இதையே பல முறை பழக்க வேண்டும். அப்புறம் போனில் சும்மா பேசுவது போல நடித்து, கடைசியில் நிஜமாகவே பேசும்போது. ஆரம்பத்தில் தட்டிய ஒவ்வொரு முறையும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பியே ஆக வேண்டும். எறிவது தட்டுவதை விடச் சுலபமாகப் பலன் கொடுத்தால் அவள் எறிவாள்.

எறிந்தால் ஓடி வருவதை நிறுத்தியதும் முதலில் சில நாட்கள் எறிவது கூடும், கத்தலும் கூடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், மூன்றாம் நாள் பெற்றோர் 'இது வேலைக்காகாது' என்று கைவிடுவார்கள், குழந்தையும் அதிகமாகக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். ஆனால் தலையை மோதுவது, தன்னைக் கடித்துக்கொள்வது போன்றவற்றைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவே கூடாது. அதற்கு அனுபவமுள்ளவர் நேரில் பார்த்துத் திட்டம் போட வேண்டும். திடீரென்று நடத்தை மாறினால் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். பல் வலி, காது வலி, மலச்சிக்கல் எதுவானாலும் வாயால் சொல்லத் தெரியாத குழந்தை அதைக் கத்தித்தான் சொல்லும்.

மெல்ட்டவுன் வேறு கதை. சத்தம், வெளிச்சம், கூட்டம், எதிர்பாராத மாற்றம் எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் போகும்போது வருவது அது. அந்த நேரத்தில் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது, பேரமும் பேச முடியாது. ஆட்களை விலக்கி, விளக்கைக் குறைத்து, பேச்சை நிறுத்தி, அடிபடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று படமாக ஒட்டிவைத்தாலே, 'முதல்ல குளியல், அப்புறம் ஊஞ்சல்' என்று இரண்டு படம்கூடப் போதும், பாதி மாற்றங்கள் சண்டையில்லாமல் நடக்கும். அடி மட்டும் வேண்டாம். வலியும் பயமும்தான் அதில் மிஞ்சும்.

விட்டுவிடக் கூடாத சில விஷயங்கள்

பாதுகாப்பு. 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது வீட்டையோ பாதுகாப்பான இடத்தையோ விட்டுத் தனியே கிளம்ப முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்தான் பெரிய ஆபத்து. குழந்தை காணவில்லை என்றால் முதலில் பக்கத்தில் உள்ள நீர்நிலையில் தேட வேண்டும் என்பதையும், கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும் என்பதையும் எந்தப் பெற்றோருக்கும் சொல்லாமல் விடாதீர்கள். தூக்கம் கெடுவதும் மிகச் சகஜம். தினம் ஒரே நேரம், ஒரே வரிசை, திரை இல்லாத கடைசி ஒரு மணி நேரம், இவற்றில் ஆரம்பித்து, சரியாகாவிட்டால் டாக்டர். தம்பியோ தங்கையோ பிறந்தால் அந்தக் குழந்தையின் வளர்ச்சியையும் ஆரம்பத்திலிருந்தே கவனிக்கச் சொல்லுங்கள், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்புண்டு.

'முழுசா குணமாக்கறோம்' என்று விற்கிறவர்களைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள், நீங்கள் பேசாவிட்டால் விற்கிறவர் பேசுவார். உடம்பிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்ற கீலேஷன் சிகிச்சையில் 2005-இல் அமெரிக்காவில் ஒரு சிறுவன் இறந்தான். ப்ளீச் கலவையைக் குடிக்கக் கொடுப்பதை எதிர்த்து அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்திருக்கிறது. ஸ்டெம் செல் சிகிச்சையும் ஆட்டிசத்துக்கு நிரூபிக்கப்பட்டதல்ல. இதில் ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்களை அவமானப்படுத்தாதீர்கள், பிள்ளைக்காக எதையும் செய்யத் துடித்ததால்தான் அங்கே போயிருக்கிறார்கள்.

பெற்றோரையும் கவனியுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தையின் பெற்றோருக்கு மன அழுத்தம் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. 'பொறுமையா இருங்க' என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை, அவர்களை விடப் பொறுமையாக இருக்க நம்மில் யாராலும் முடியாது. "இந்த வாரம் நீங்க எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டபின் அன்றைய திட்டத்தைக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். தொடர்ந்து அழுகை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள். அதே நிலையில் உள்ள இன்னொரு பெற்றோரோடு பேச வைத்தால், நம்மால் கொடுக்க முடியாத ஒன்று அங்கே கிடைக்கும். அப்பாக்கள் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்வதற்கு முன்னால் உங்கள் நேரத்தை மாற்றிப் பாருங்கள், வேலை நாளில் மதியம் மூன்று மணிக்கு யார் வருவார்? வீட்டில் பாட்டி குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் பயிற்சி பாட்டிக்குத்தான், அம்மாவுக்குக் கொடுத்துப் பாட்டிக்குச் சொல்லச் சொல்வது வேலைக்கு ஆகாது. மாமியாருக்கு மருமகள் பாடம் எடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் உதவியை எப்போது குறைப்பது

வாரம் ஒரு முறை என்று ஆரம்பித்தால், இரண்டு மூன்று மாதத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அப்புறம் மாதம் ஒரு முறை என்று தள்ளிக்கொண்டே போகலாம். குறைக்கத் தயாரா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பெற்றோர் புதிய பிரச்சினையோடு வரும்போது உடனே தீர்வு சொல்லாதீர்கள். "நீங்க என்ன நினைக்கிறீங்க, இது எதுக்காக நடக்குது?" என்று கேட்டுவிட்டு, குழந்தையிடம் காத்திருக்கச் சொன்னீர்களே, அதே மாதிரி நீங்களும் காத்திருங்கள். முடி வெட்டப் போனால் அலறுகிறான் என்று வந்த அம்மா, 'மெஷின் சத்தம்தான்னு நினைக்கிறேன், வீட்டுல முதல்ல தூரத்துல ஆன் பண்ணிக் காட்டிட்டு, அப்புறம் மெதுவா பக்கத்துல கொண்டுவந்து, வெட்டறதுக்கு முன்னாடி அவனே தொட்டுப் பாக்கட்டும்னு விடலாமா?' என்று கேட்டால், அவருக்கு அந்த வாரம் உங்களிடமிருந்து தேவைப்படுவது அநேகமாக ஒன்றுதான்: ஒவ்வொரு படியிலும் அவன் நிம்மதியாக இருக்கிறானா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்பது. அதைப் பேசி முடிவுசெய்துவிட்டு, அடுத்த சந்திப்பை ஒரு மாதம் தள்ளிக் குறித்துக் கொடுங்கள், நடுவில் முட்டிக்கொண்டால் கூப்பிடச் சொல்லி நம்பரையும் எழுதிக் கொடுங்கள்.